மகள் பெயரில் ஒரு வீடு

கீழக்கரையில் பெண் குழந்தை பிறந்த முஸ்லிம் வீட்டில் வாப்பா, அதாவது அப்பா, ஒரு கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். இன்னும் இருபது வருடத்துக்குள் இவளுக்கு ஒரு வீடு வேண்டும். நகையும் சீரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வீடு. அது அவள் பெயரில் இருக்கும். கல்யாணமானதும் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு வாசலுக்குப் போக மாட்டாள். மாப்பிள்ளைதான் அவள் வாசலுக்கு வருவார்.

ராமநாதபுரத்திலிருந்து தெற்கே சுமார் 17 கிலோமீட்டர் போனால், மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் இருக்கிறது இந்த ஊர். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சுமார் 38,000 பேர். கீழக்கரை என்றால் வள்ளல் சீதக்காதியைச் சொல்வார்கள், அவர் ஆதரித்த உமறுப்புலவரைச் சொல்வார்கள், பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைக் காட்டுவார்கள். முத்தும் சங்கும் விற்ற ஊர் என்பார்கள். அந்த வாணிபத்துக்குப் பின்னால் நின்ற சாதாரண வீடுகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வணிகர்களின் வீடுகள் என்று ஊருக்கு வெளியே இருப்பவர்கள் சொல்வார்கள். உண்மையில் அவை வணிகர்களின் மனைவிமார் வீடுகள், அதற்கு முன்பு அந்த மனைவிமாரின் உம்மாமார் வீடுகள்.

இதை ஒரு வட்டாரப் பழக்கம் என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. பாய்மரத்தையும் திசைகாட்டியையும் போல, கடல் வாணிபத்துக்காக மனிதர்கள் கண்டுபிடித்த ஒரு கருவியாகவே இந்த வீட்டைப் பார்க்கிறேன். அந்தக் கருவியைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு பாகமும் வியப்பளிக்கிறது.

முதலில், இது எவ்வளவு அரிது என்று பார்ப்போம். உலகெங்கும் மானிடவியலாளர்கள் பதிவு செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகங்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் மணமகள்தான் கணவன் வீட்டுக்குப் போகிறாள். மணமகன் மணமகள் வீட்டில் வந்து தங்கும் முறையைப் பெண்வீட்டுக் குடியமர்வு என்று சொல்லலாம். சிறுபான்மைச் சமூகங்களே அதைக் கடைப்பிடிக்கின்றன. நம் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் மாமனார் வீட்டில் தங்கும் மருமகனுக்கு மதிப்பில்லை. கீழக்கரையிலும், தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்திலும் அதுதான் முறை, அதுதான் மரியாதை.

ஏன் இந்த ஊர்களில் மட்டும்? காற்றிலிருந்து தொடங்குவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அக்டோபருக்குப் பிறகு காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வீசும். இயந்திரமில்லாத காலத்தில் கப்பல் ஒரு காற்றில் போய் மறு காற்றில்தான் திரும்ப முடியும். அவசரம் என்று சொன்னால் காற்று கேட்காது. ஆகவே தூரதேசம் போகிற ஆள் மாதக்கணக்கில் ஊரில் இருக்க மாட்டார். மலாக்காவுக்கும் சுமத்திராவுக்கும் போனால் இன்னும் நாளாகும். பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவரைச் சபராளி என்று இந்தக் கரையில் சொல்வார்கள். ஊரில் பாதிப் பேர் சபராளிகள் என்றால், வீட்டை யார் நடத்துவது?

கணவன் வீட்டுக்குப் போகும் முறை இங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? புதுப்பெண் அறிமுகமில்லாத ஒரு வீட்டில், அறிமுகமான ஒரே ஆளும் கடலில் இருக்க, மாமியாரின் தயவில் காத்திருப்பாள். பெண்வீட்டு முறையில் அவள் உம்மாவோடும் ராத்தாமாரோடும், அதாவது அம்மாவோடும் அக்காமாரோடும், இருக்கிறாள். பிரசவம் பார்க்க, காய்ச்சலுக்குக் கஞ்சி வைக்க, கடை கண்ணிக்கு ஆள் அனுப்ப எல்லாம் அவளுடைய ஆட்களே. கணவன் இல்லாத மாதங்களிலும் வீடு ஓடுகிறது. போய்வரும் பாகம் ஆண், நிலையாக நிற்கும் பாகம் பெண் என்று வேலையைப் பிரித்துவிட்டார்கள்.

அடுத்தது பணம். இங்குதான் இந்த ஏற்பாட்டின் நுட்பம் முழுதாகத் தெரிகிறது. கடல் வாணிபம் பேராபத்தான தொழில். மன்னார் வளைகுடாச் சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாக அறுபட்டது. அதை ஏற்றிய கப்பல் புயலில் மூழ்கினால் சரக்கும் போகும், சரக்குக்கு வாங்கிய கடனும் தலையில் நிற்கும். கடன் கொடுத்தவர் வந்து கதவைத் தட்டுவார். ஆனால் அந்தக் கதவு கடனாளியுடையது இல்லை, அவர் மனைவியுடையது. இஸ்லாமியச் சட்டத்தில் மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது. கணவனின் கடனுக்கு அவள் வீடு பொறுப்பாகாது. கப்பல் மூழ்கலாம், கணக்குப் புத்தகம் மூழ்கலாம், குடும்பத்தின் தலைக்கு மேலுள்ள கூரை மூழ்காது.

இதே பிரச்சினைக்கு ஐரோப்பா கண்ட தீர்வு வேறு. தொழில் நொடித்தாலும் போட்ட முதலுக்கு மேல் பங்குதாரர் இழக்க வேண்டியதில்லை என்பது அது. வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்பார்கள். நம் ஊர்க் கம்பெனிகளின் பெயர்ப்பலகையில் கடைசியில் வரும் 'லிமிடெட்' அதுதான். பிரிட்டன் பொதுவாக எல்லாக் கம்பெனிகளுக்கும் அதற்குச் சட்டம் செய்தது 1855-ல். இந்தியாவில் 1857-ல் வந்தது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அதே பிரிட்டனில் 1882-ல் சட்டம் திருத்தப்படும் வரை, கல்யாணமான பெண்ணின் பணமும் பண்டமும் பொதுவாகக் கணவனுக்குப் போய்விடும், அவள் நிலத்தின் வருமானமும் அவன் கைக்கே போகும். கம்பெனிச் சட்டம் எதுவும் இல்லாமல், வீட்டைப் பெண்ணின் பெயரில் வைத்தே தொழிலின் ஆபத்தையும் குடும்பத்தின் பாதுகாப்பையும் இந்தக் கரைக்காரர்கள் பிரித்து வைத்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்குதானே? முழு வீடும் மகளுக்கு எப்படிப் போகும்?

அந்தப் பங்கு விகிதம் ஒருவர் இறந்த பிறகு விட்டுச்செல்லும் சொத்துக்குத்தான். உயில் எழுதினாலும் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. ஆனால் உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் தானத்துக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. அதை ஹிபா என்பார்கள். பிள்ளைகளிடையே நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்ற அறிவுரை உண்டு, ஆனால் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்ற அளவு இல்லை. ஹிபா செல்ல மூன்று வேண்டும்: கொடுப்பவர் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், பெறுபவர் ஏற்க வேண்டும், பொருள் கைமாற வேண்டும். பத்திரப் பதிவுகூடக் கட்டாயமில்லை. 1882-ம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இதற்கென்றே 129-வது பிரிவில் விலக்கு வைத்திருக்கிறது. வாய்மொழி ஹிபா செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011-லும் உறுதி செய்தது. ஆக, மகளுக்குக் கல்யாணத்தின்போதே வீட்டைக் கொடுத்துவிட்டால், பின்னால் வாப்பா காலமாகும்போது பங்கு பிரிக்கும் பட்டியலில் அந்த வீடு இருக்காது. மார்க்கச் சட்டத்தின் ஓர் எழுத்தையும் மீறாமல் ஊர்ப் பழக்கத்தைக் காப்பாற்றும் வழி இது.

அக்கம்பக்கத்து அரண்மனைகளில் சொத்து விஷயத்தில் ஒரு பெண்ணின் உரிமை செல்ல என்ன பாடு பட வேண்டியிருந்தது என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ராமநாதபுரத்து ராணி பர்வதவர்த்தினி நாச்சியார், கணவரின் அனுமதி எழுத்தில் இல்லாமல், உறவினர்களின் ஒப்புதலோடு 1847-ல் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். அந்தத் தத்து செல்லுமா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு மன்றம் வரை போய் 1868-ல்தான் செல்லும் என்று தீர்ந்தது. ராணி 1862-லேயே காலமாகிவிட்டார். பக்கத்துச் சிவகங்கையில் 1829-ல் ஜமீன்தார் இறந்தபோது தொடங்கிய வாரிசுப் போட்டியில், அவர் மகள் கட்டம நாச்சியாருக்கே ஜமீன் உரியது என்று அதே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது 1863-ல். 34 வருடம்! சட்டக் கல்லூரிகளில் இந்த இரண்டு வழக்குகளும் இன்றும் பாடம். சிவகங்கை ஜமீன்தாரின் மகள் லண்டன் வரை வழக்காடிப் பெற்றதுபோன்ற சொத்துரிமையை, கீழக்கரைப் பெண் கல்யாணப் பந்தல் பிரிக்கும் முன்பே பெற்றுக்கொண்டிருந்தாள்.

இந்த ஏற்பாடு ஊரின் வடிவத்தையே மாற்றிவிடும். மூன்று மகள் என்றால் மூன்று வீடு வேண்டும். எல்லோருக்கும் புது மனை வாங்க முடியாது. ஆகவே பழைய வீட்டை நெடுக்காகப் பிரிப்பார்கள், மாடி எடுப்பார்கள், பின்கட்டை இன்னொரு வீடாக்குவார்கள். கடைசி மகளின் கல்யாணத்தோடு பெற்றோர் ஓர் ஓரத்துக்கு ஒதுங்குவார்கள். சில தலைமுறை கழித்துப் பார்த்தால் ஒரு சந்து முழுக்க அக்கா தங்கைகளும், சின்னம்மா பெரியம்மா பெண்களுமாக இருப்பார்கள். காயல்பட்டினத்தில் தெருக்களுக்கு இடையே முடுக்கு என்ற குறுகலான சந்துகள் உண்டு. பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு போய்வரும் வழிகள் அவை. வெளியூர்க்காரர் பார்க்கும் தெரு வரைபடம் ஒன்று, பெண்கள் நடக்கும் வரைபடம் இன்னொன்று.

சுவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு வீடு மகளுக்கும் பேத்திக்கும் போக வேண்டுமென்றால் அது நிற்க வேண்டுமே. கடலோரத்தில் செங்கல்லுக்குப் பெரிய எதிரி உப்பு. ஈரத்தோடு கல்லுக்குள் புகுந்து, காயும்போது படிகமாகி, உள்ளிருந்தே கல்லை உதிர்த்துவிடும். மண்டபம், ராமேஸ்வரம் கரைப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் பவளப்பாறையிலிருந்து வெட்டிய கல்லைப் பார்க்கலாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் மிச்சமிருக்கும் தேவாலயச் சுவரில் அந்தக் கல் இன்னும் தெரிகிறது. கடலுக்குள்ளேயே வளர்ந்த கல் என்பதால் உப்பு அதற்குப் புதிதில்லை. அதை ஒட்டவைத்தது சுண்ணாம்பு. சிப்பியையும் பவளத்தையும் காளவாயில் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். ஒரு டன் கல்லில் கிட்டத்தட்ட 440 கிலோ காற்றாகப் போய்விட, சுட்ட சுண்ணாம்பு 560 கிலோ மிஞ்சும். அதை நீற்றிக் காரையாகப் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை அது மெல்ல மெல்லத் திரும்ப உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. பூசிய பிறகும் வருடக்கணக்கில் சுவர் இறுகிக்கொண்டே போகும். சிமெண்டைப் போல அது ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதில்லை, வெளியே விட்டுவிடும்.

இதற்குக் கடல் கொடுத்த விலை பெரிது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு நீருக்குள் போய்விட்டன. பவளம் வெட்டியதே பெரும் காரணம். 1986-ல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவானது. பவளத்தை எடுப்பது இப்போது குற்றம். அது சரியான சட்டம்.

இனி வரைபடத்தை விரித்து இந்தியப் பெருங்கடல் முழுவதையும் பாருங்கள். ஆப்பிரிக்கக் கரையோரம் கொமோரோ தீவுகளில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள், மாப்பிள்ளை அங்கே வருகிறார். லட்சத்தீவில் சொத்து தாய்வழி. கண்ணூரில் அரக்கல் அரச குடும்பத்தில் பீவிமாரே ஆண்டதுண்டு. பிறகு காயல்பட்டினம், கீழக்கரை. பாக் நீரிணையைத் தாண்டி இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடி, அக்கரைப்பற்று. அதற்கும் அப்பால் சுமத்திராவின் மினாங்கபாவு மக்கள். பெரிய வீடு அங்கே பெண்களுடையது, ஆண்கள் பிழைப்புத் தேடி ஊர்விட்டுப் போவது அங்கே ஒரு சடங்கு போன்றது. எல்லாம் முஸ்லிம் சமூகங்கள், எல்லாம் ஷாஃபி சட்டப்பள்ளியைப் பின்பற்றுபவை, எல்லாம் பருவக்காற்றுப் பாதையில் இருப்பவை. ஒவ்வோர் இடத்திலும் இந்த முறை பிறந்த கதை வேறு. இஸ்லாத்துக்கு முந்தைய பழக்கமும் அதில் கலந்திருக்கும். ஆனாலும் இத்தனை இடங்களில் இது நிலைத்ததற்கு, வந்து போகும் ஆண்களும் நிலையாக நிற்கும் வீடும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

யார் யார் வீட்டுக்குப் போனார்கள் என்பதை ரத்தமும் சொல்லும். நம் உடலின் பெரும்பாலான செல்களின் கருவில் 300 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகளில் எழுதிய மரபுக் குறிப்பு இருக்கிறது. அதற்கு வெளியே மைட்டோகாண்ட்ரியா என்ற ஆற்றல் அறையில் 16,569 எழுத்துகள் மட்டுமே கொண்ட ஒரு சின்னக் குறிப்பும் உண்டு. இது தாயிடமிருந்து மட்டுமே வரும். உம்மாவின் கழுத்துச் சங்கிலி மகளுக்கும் அவளிடமிருந்து பேத்திக்கும் போவதுபோல, பெண்வழியில் கைமாறும். இதற்கு நேரெதிராக ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். 2001-ல் வடக்குத் தாய்லாந்து மலைமக்களிடையே செய்த ஆய்வு ஓர் அழகான விதியைக் காட்டியது. பெண்கள் பிறந்த வீட்டிலேயே தங்கும் குழுக்களில் தாய்வழிக் குறிப்பு அதிகம் வேறுபடவில்லை, ஒய் குரோமோசோம் பல விதமாக இருந்தது. ஆண்கள் தங்கும் குழுக்களில் இது தலைகீழ். கல்யாணத்தில் யார் இடம் மாறுகிறாரோ அவர்தான் வெளியூர் மரபைக் கொண்டுவருகிறார்.

இந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆய்வாளர்கள் எலும்புகளிடம் போனார்கள். 2025-ல் வந்த இரண்டு ஆய்வுகள் என்னை வாய்பிளக்க வைத்தன. இங்கிலாந்தின் தென்கரையில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இடுகாட்டில், பெரும்பாலோர் ஒரே தாய்வழியில் வந்தவர்கள், ஆண்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தது. துருக்கியில் 9,000 ஆண்டுப் பழமையான சதல்ஹூயுக் என்ற மண்வீட்டு ஊர் இன்னும் வியப்பு. அங்கே இறந்தவர்களை வீட்டுத் தரைக்கடியிலேயே புதைத்தார்கள். 130-க்கும் மேற்பட்டோரின் மரபணுவைப் படித்தபோது, ஒரு வீட்டுக்கடியில் கிடந்தவர்கள் பெரும்பாலும் தாய்வழியாலேயே இணைந்திருந்தார்கள். பெண் குழந்தைகளின் குழிகளில் ஆண் குழந்தைகளைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு பொருட்கள் இருந்தன. வீடு என்ற ஒன்று மனிதனுக்குப் புதிதாயிருந்த காலத்திலேயே அது மகளின் வழியில் போன ஊர் இருந்திருக்கிறது.

வீடு மகளின் வழியில் போகக்கூடும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிடவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையில் தமிழர், சோனகர் எனப்படும் முஸ்லிம்கள் இரு சாராரிடமும் வீடு மகளுக்குப் போகும். யாழ்ப்பாணத்தில்கூடத் தாயின் சீதனச் சொத்து மகள்களுக்கு என்ற வழக்கத்தை டச்சுக்காரர்கள் 1707-ல் தேசவழமைச் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். 2004 சுனாமி கிழக்குக் கரை வீடுகளைக் கொண்டுபோனபோது, மறுகட்டுமானத் திட்டங்களின் படிவங்கள் குடும்பத் தலைவர் என்று ஓர் ஆணின் பெயரைக் கேட்டன. பெண்ணின் வீடு இடிந்தது, ஆணின் பெயரில் வீடு எழுந்தது. அக்கரைப்பற்றில் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டென்னிஸ் மெக்கில்வ்ரே இதைப் பதிவு செய்திருக்கிறார். உதவ வந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. ஒரு படிவத்தின் ஒரே ஒரு கட்டம் பல தலைமுறை ஏற்பாட்டைக் கலைத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இந்த முறைக்குச் சுமையும் உண்டு. வீடு என்பது சீதனத்தின் ஒரு வடிவம்தான். வாப்பாவும் காக்காமாரும், அதாவது அண்ணன்மாரும், வருடக்கணக்கில் அயல்நாட்டில் உழைத்து அந்த வீட்டைக் கட்டுகிறார்கள். வீடில்லாத பெண்ணுக்கு வரன் அமைவது கடினம். பெயர் பெண்ணுடையதாக இருந்தாலும், விற்பதா வைப்பதா என்று முடிவெடுக்கும் குரல் எப்போதும் அவளுடையதாக இருப்பதில்லை. பெண்ணாட்சி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் மணவாழ்வு முறிந்தால் வாசலைத் தாண்டிப் போக வேண்டியவர் யார் என்று கேட்டால், இங்கே பதில் வேறு. அந்த ஒன்று மற்ற எல்லாவற்றையும் மாற்றுகிறது.

எவ்வளவு மாற்றுகிறது என்பதற்கு அளவு இருக்கிறது. பிரதீப் பாண்டா, பினா அகர்வால் இருவரும் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுமார் 500 பெண்களிடம் செய்த ஆய்வு 2005-ல் வெளியானது. நிலமும் வீடும் இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் மணவாழ்வில் கணவரிடம் அடி வாங்கியிருந்தார்கள். நிலம் மட்டும் இருந்தவர்களில் அது 18 விழுக்காடு. வீடு மட்டும் இருந்தவர்களில் 10. இரண்டும் இருந்தவர்களில் 7. படிப்பு, வருமானம் போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் சொத்தின் காப்பு நின்றது. நிலத்தைவிட வீடு அதிகம் காக்கிறது என்பதைக் கவனியுங்கள். அடிக்கிறவனை விட்டு உடனே போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது, அல்லது அவனைப் போகச் சொல்ல முடிகிறது.

இந்தக் கரைக்கு வெளியேயும் சட்டம் மெல்ல இதே திசையில் வருகிறது. தமிழ்நாட்டில் இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை 1989-ல் வந்தது, நாடு முழுவதற்கும் 2005-ல். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை, நிலத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒரு பத்திரம் எழுதும்போது, பெயர் எழுதும் இடத்தில் பேனாவை ஒரு நிமிடம் நிறுத்தி, மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.